இடது தோள்

வெள்ளவத்தை
10.3.1997

தம்பி ரூபனுக்கு,

சுகமோ எண்டு கேட்டுத் தொடங்கிற நிலைமையில நான் இல்லை. நேரா விசயத்துக்கு வாறன்.

கந்தோரில எனக்குப் பக்கத்து மேசை கிளெமென்ற்றை உனக்குத் தெரியும்தானே, கொட்டாஞ்சேனைக்காரர். அவற்ர மருமகள் மெல்போர்னில இருந்து லீவில வந்து நிக்கிறாள். வெள்ளிக்கிழமை கந்தோருக்கு வந்தவள். நான் பெருமையா, "என்ர தம்பியும் அங்கதான் பிள்ளை, டொக்டருக்குப் படிக்கிறான், கடைசி வருசம்" எண்டு சொன்னன். உன்ர பெயரைக் கேட்டிட்டு அவள் சிரிச்சாள். "ரூபன் அண்ணா கைரோபிராக்டிக் எல்லோ படிக்கிறார், ஆன்ரி" எண்டாள். அதென்ன எண்டு கேட்டன். முதுகெலும்பையும் கழுத்தெலும்பையும் கையால பிடிச்சு, திருப்பி, டக்கெண்டு சத்தம் வரப் பண்ணுறதாம்.

டேய், நெட்டி முறிக்கிறதுக்கு யூனிவர்சிட்டியா? அதுக்கு அஞ்சு வருசமா? இஞ்ச சலூனில தலைமயிர் வெட்டி முடிஞ்சாப் பிறகு அவங்கள் சும்மாவே முறிச்சு விடுறாங்கள். வெள்ளவத்தை முழுக்க நான் சொல்லி வைச்சிருக்கிறன். மேல் வீட்டு நஸீறா தன்ர மகளின்ர தொண்டை நோவுக்கு உன்னட்ட மருந்து எழுதிக் கேக்கச் சொன்னவ, போன மாதம். என்ர மானம் கப்பலேறிட்டுது.

இண்டைக்கும் பம்பலப்பிட்டியில பஸ்ஸால எல்லாரையும் இறக்கிச் செக்கிங். என்ர பையில இருந்த அவ்வளவையும் றோட்டோரத்தில பரப்பிப் பாத்தாங்கள். திருப்பி அடுக்கிக்கொண்டு வீட்ட வர விளக்கு வைச்சிட்டினம். இடது கை விறைச்சுக் கிடக்கு. கடுதாசியைப் பிடிக்க ஏலாமல் மேல சீனிப் போத்தலை வைச்சுக்கொண்டு எழுதிறன்.

பதில் எழுதினால் எழுது. எழுதாட்டிலும் நான் செத்துப்போக மாட்டன்.

யோகக்கா


மெல்போர்ன்
27.3.1997

அக்கா,

உங்கட கடிதத்தைப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு திரியிறன். ஒவ்வொருக்கா வாசிக்கேக்கையும் காது சுடுகுது.

நான் பொய் சொல்லேல்லை. "இஞ்ச எங்களையும் டொக்டர் எண்டுதான் கூப்பிடுவினம்" எண்டு முதலே எழுதினனான். நீங்கள் அதில பாதியைப் பிடிச்சுக்கொண்டு கோயிலடி வரைக்கும் கொண்டு போட்டியள். நான் திருத்தாமல் விட்டது பிழைதான். நீங்கள் சந்தோசமா எழுதின கடிதத்துக்கு எப்பிடித் தண்ணி ஊத்திறது எண்டு தெரியேல்லை.

இந்த வருசம் முழுக்கக் கிளினிக். நாங்களே ஆக்களைப் பாக்கிறது, ஹெலன் எண்டொரு டொக்டர் மேல நிண்டு பிழை பிடிப்பா. இதில பெரிய கூத்து, நோயாளியளையும் நாங்களேதான் தேடிப் பிடிக்க வேணும். வெள்ளைக்காரப் பெடியளுக்கு அம்மா, மாமி, அயலட்டை எண்டு வந்து குவியினம். எனக்கு ஆர் இருக்கினம்? போன கிழமை முருகன் கோயிலில செருப்புக் கழட்டிற இடத்தில நிண்டு, "அண்ணை, நாரி நோ, முதுகு நோ ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டன். காசு சேக்க வந்த ஆள் எண்டு நினைச்சு மனிசன் மற்ற வாசலால போட்டார்.

கிளினிக்குக்குத் தானா வந்து எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு ஆள்தான். மௌறீன் எண்டு டிராமில டிக்கெற் குடுக்கிற மனிசி. கழுத்து நோ, இடது கை விறைப்பு. அவவின்ர பைலை வாசிக்க வாசிக்க உங்கட கதைமாதிரி இருக்கு. அதனால கோவிக்காமல் சொல்லுங்கோ. எந்த விரல் விறைக்குது? எந்த நேரம் கூட? பாரம் ஏதும் தூக்கிறனீங்களோ?

ரூபன்


வெள்ளவத்தை
16.4.1997

ரூபன்,

வருசப் பிறப்புக்கு ஒரு காட் கூடப் போடேல்லை, கேள்வி மட்டும் வருது. சரி, உன்ர படிப்புக்கு உதவட்டும், எழுதிறன்.

சின்ன விரலும் அதுக்குப் பக்கத்து விரலும். ரைப்றைற்றரில ஏயும் எஸ்ஸும் அடிக்கிற விரல் ரெண்டும் எனக்கு இல்லாதமாதிரி. முதலாளி இஸ்ஸதீனின்ர பெயரைக் கடிதத்துக்குக் கடிதம் அடிக்க வேணும். ஏயும் விழாது, எஸ்ஸும் விழாது. நல்ல மனிசனை நான் ஐடீன் ஆக்கிப்போட்டன். அவர் தானே பேனையால எழுத்தைப் போட்டுக் கையெழுத்து வைக்கிறார். எத்தினை நாளைக்கு அப்பிடி வைப்பார்?

பாரம் தூக்கிறனோ எண்டு கேட்டாய். ஒரு பாரமும் தூக்கிறேல்லை. தண்ணி பைப்பில வருது. அரிசி, தேங்காய் கடையில இருந்து கொண்டந்து தருவினம். நான் தூக்கிறது பேனையும் சோத்துக் கோப்பையும்தான்.

அந்தக் கோப்பைதான் போன கிழமை கையால விழுந்து உடைஞ்சது. அதுக்குப் பிறகு நஸீறா சும்மா விடேல்லை. "எனத்துக்குப் புள்ள பயப்புடுறீங்க, வாங்க நான் வாறேன்" எண்டு இழுத்துக்கொண்டு போனா. எலும்பு டொக்டர் பூபாலசிங்கம். பையை வெளியில அவவிட்டக் குடுத்திட்டு உள்ள போனன். அவர் கழுத்தை அமத்திப் பாத்தார், எக்ஸ்றே எடுப்பிச்சார். எலும்பு தேய்ஞ்சு நரம்பை நெரிக்குதாம். யூனில ஒப்பரேசன். வெளியில வந்தா நஸீறா கைமாத்திக் கைமாத்திப் பையை வைச்சுக்கொண்டு, "இதுக்குள்ள கடப்பாறையா வெச்சீக்கிறீங்க?" எண்டு பகிடி பண்ணுறா. எனக்குச் சிரிக்க ஏலேல்லை.

ஒப்பரேசன் பிழைச்சால் கை முழுக்கப் போகவும் கூடும், கழுத்து விசயம்தானே எண்டு அவர் சொன்னவர். செய்யாட்டிலும் கை போகுமாம். கை போனா எனக்கு என்ன இருக்கு? கலியாணம் கட்டேல்லை, பிள்ளை குட்டி இல்லை, பத்து விரலாலதான் இவ்வளவு காலமும் சாப்பிட்டனான். உன்னையும் அதாலதான் சாப்பிடப் பண்ணினனான்.

பயமா இருக்கு ரூபன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை, உனக்குத்தான் சொல்லுறன்.

அக்கா


மெல்போர்ன்
2.5.1997

அக்கா,

நித்திரை இல்லை எனக்கு. ஒண்டு கேக்கிறன், ஒப்பரேசனுக்கு இன்னும் கையெழுத்துப் போடாதேங்கோ. எக்ஸ்றே எடுத்தால் நோவே இல்லாத கனபேருக்கும் கழுத்தெலும்பு தேய்ஞ்சுதான் இருக்கும். அதுதான் கையை விறைக்கப் பண்ணுது எண்டு எக்ஸ்றே சொல்லாது. அதே நேரம் அவர் பெரிய டொக்டர், நான் இன்னும் படிக்கிறவன். என்ர பேச்சைக் கேட்டு உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்வன்? அதுவும் பயம், இதுவும் பயம்.

இஞ்சயும் கரைச்சல்தான். மௌறீனுக்கு ஒரு முன்னேற்றமும் இல்லை. வருவா, நான் கழுத்தைச் சரிபண்ணுவன், சுகம் எண்டு போவா, அடுத்த கிழமை அதே நோவோட வந்து நிப்பா. ஹெலன் எல்லாற்ர முன்னாலயும் கேட்டா: "நீ இந்த மனிசியின்ர கழுத்தைத்தானே பாத்திருக்கிறாய், மனிசியை எப்ப பாக்கப் போறாய்?" நான் உள்ள போகேக்க மௌறீன் எப்பவும் உடுப்பு மாத்திக் கவுனோட கட்டிலில இருக்கிறா. அவ எப்பிடி நடந்து வாறா, எப்பிடிக் கதிரையில இருக்கிறா, ஒண்டும் நான் கண்டதில்லை. வெளியில நிண்டு பைலை வாசிச்சு எனக்குப் பாடமாக்கத்தான் நேரம்.

இந்தக் கிளினிக்கை இப்பிடியே விட்டால் வருசம் முடிய எனக்கு எலும்பின்ர பெயர் மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.

ரூபன்


மெல்போர்ன்
10.5.1997

அக்கா! அக்கா!

உங்கட பதில் வர முதலே எழுதிறன். எக்ஸ்பிறஸில போடுறன்.

நேற்றுப் பின்னேரம் டிராமில ஏறினன். டிக்கெற் தர வாறது மௌறீன். கவுனோட பாத்த மனிசி, இப்ப யூனிபோமும் தொப்பியுமா. இடது தோளில இருந்து தடிச்ச தோல் பை ஒண்டு தொங்குது, உள்ளுக்க முழுக்கச் சில்லறை. பை வழுக்காமல் இருக்கத் தோளைக் காது வரைக்கும் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறா. கழுத்து மற்றப் பக்கம் சரிஞ்சு போய் இருக்கு. கிளினிக்குக்கு வரேக்க அந்தப் பை டிப்போவில இருக்கும். பாரம் தூக்கிறனீங்களோ எண்டு நான் கேட்டதுக்கு "இல்லையே" எண்டவ. பொய் சொல்லேல்லை அக்கா. அவவுக்கு அது பாரமில்லை, வேலை.

நான் இறங்க வேண்டிய இடத்தில இறங்கேல்லை. உங்கட பை!

கண்ணை மூடி உங்களை நினைச்சுப் பாத்தன். அந்தப் பச்சைப் பை இல்லாமல் ஒரு அக்கா எனக்கு ஞாபகமே இல்லை. கட்டுநாயக்கா எயார்போட்டில என்னை அனுப்பேக்கையும் வலக்கையால கை காட்டினனீங்கள், இடக்கையால பை வாரைப் பிடிச்சுக்கொண்டு. பக்கத்தில இருந்து வளந்த எனக்கே அது கண்ணில படேல்லை எண்டா, கதவுக்கு வெளியில நஸீறா அக்காவின்ர கையில இருந்த பையை டொக்டர் எங்க கண்டார்?

ஹெலனிட்ட ஓடினன். கடிதத்தில சொந்தக்காரருக்கு வைத்தியம் செய்யிறேல்லை எண்டு முதல் நல்லாப் பேசினா. பிறகு, "டொக்டருக்கு என்னத்தைக் காட்ட வேணும் எண்டு நீ சொல்லலாம்" எண்டா. அதைத்தான் சொல்லுறன். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில ஒரு இடுக்கு. கைக்குப் போற நரம்பு அதுக்குள்ளாலதான் போகுது. நாள் முழுக்கப் பை இழுத்தால் அந்த இடத்தில நசியும், சின்ன விரல் பக்கம் விறைக்கும்.

நான் பிழையாயும் இருக்கலாம். ஆனா டொக்டரிட்டத் திருப்பிப் போங்கோ, பையைத் தோளில கொழுவினபடி உள்ள போங்கோ, அவற்ர மேசையில வையுங்கோ. பையைக் காணாமல் அவர் கத்தியை எடுக்கக்கூடாது.

உங்கட ரூபன்


வெள்ளவத்தை
1.6.1997

என்ர ராசா,

ஒப்பரேசன் இல்லை!

கேள். உன்ர கடிதத்தைக் கண்டோடன எனக்குக் கோவம்தான் வந்தது. இவன் என்ர பையில வந்து நிக்கிறான் எண்டு. நஸீறாதான், "புள்ள செல்லுறத ஒருக்காக் கேட்டுப் பாருங்களேன்" எண்டு திருப்பி இழுத்துக்கொண்டு போனா. நீ சொன்னமாதிரிப் பையோட உள்ள போய் அவற்ர மேசையில வைச்சன். அவர் தள்ளி வைப்பம் எண்டு ஒரு கையால தூக்கினார். பை வரேல்லை. எழும்பி நிண்டு ரெண்டு கையால தூக்கினார். என்னைப் பாத்தார், பையைப் பாத்தார்.

பிறகு என்னை நிப்பாட்டி, ரெண்டு கையையும் மேல தூக்கி விரலை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னார். வலக்கை தன்ர பாட்டில ஆடுது. இடக்கை கொஞ்ச நேரத்தில சோந்து தானா விழுந்திட்டுது. நரம்புக்குக் கரண்ட் வைச்சும் பாத்தினம். கழுத்தில ஒண்டும் இல்லை, தோளடியில நசியுதாம். அப்பிடியே நீ சொன்ன இடம். "இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேணும், பிள்ளை" எண்டார். பெரிய டொக்டர் வாய் திறந்து அப்பிடிச் சொன்னது எனக்கு அந்த மனிசனில மரியாதையாப் போச்சு.

தம்பி என்ன படிக்கிறார் எண்டு கேட்டார். நெஞ்சை நிமித்திக்கொண்டு கைரோபிராக்டிக் எண்டு சொன்னன். பெயர் ஒழுங்கா வாயில வந்துதோ தெரியாது.

திறீவீலரில வரேக்க அழுதிட்டன். நஸீறா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லிச் சொல்லி அவவும் அழுகிறா. ஓட்டிற மனிசன் பயந்துபோய், "மொகத நோனா, மொகத?" எண்டு சிங்களத்தில என்ன நடந்தது எண்டு கேட்டுத் திரும்பித் திரும்பிப் பாக்கிறான்.

பையைத் தூக்காமல் இருந்தால் விரல் ரெண்டும் திரும்பி வருமாம். அதில மட்டும் ஒரு சின்னக் கரைச்சல் இருக்கு. பேந்து எழுதிறன்.

அக்கா


மெல்போர்ன்
14.6.1997

அக்கா,

அறையில துள்ளின துள்ளில கீழ் வீட்டுக்காரன் தும்புக்கட்டையால முகட்டில இடிச்சான். இடிக்கட்டும்!

இதில என்ன கரைச்சல்? பையை எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ, விசயம் முடிஞ்சுது. பழசு எண்டா எறிஞ்சு போடுங்கோ, நான் இஞ்ச இருந்து வடிவான சின்னப் பை ஒண்டு அனுப்பிறன்.

ரூபன்


வெள்ளவத்தை
3.7.1997

எறியட்டாம்! எவ்வளவு லேசாச் சொல்லிப்போட்டாய்.

நான் பையை வைக்கேல்லை. வலது தோளுக்கு மாத்தினனான். இப்ப வலக்கையும் சுள்சுள்ளெண்டு குத்துது. போதுமோ? சந்தோசமோ?

உனக்கு அப்ப பத்து வயசு. நீ பாதி மறந்திருப்பாய், மறந்தது நல்லது. எண்பத்திமூண்டு யூலைக் கலவரம், பகல் நேரம், படலையை உடைக்கிற சத்தம். அப்பா பின்பக்கத்தால ஓடு எண்டு கத்திறார். உன்னை இழுத்துக்கொண்டு மதில் ஏறினன். மேசையில என்ர ஏ.எல். சோதனைச் சேட்டிபிக்கற் கிடந்தது. கையை நீட்டினா எட்டும். நீட்டேல்லை. மதிலுக்கு அங்கால சில்வா மாமியின்ர கோடிப்பக்கத்தில விழுந்து கிடந்து எங்கட வீட்டுப் புகையைப் பாத்தம். பிறகு பம்பலப்பிட்டியில முகாம், பிறகு கப்பல், யாழ்ப்பாணத்தில இறங்கின கையோட அப்பா படுக்கையில விழுந்தார், எழும்பேல்லை. அடுத்த வருசம் அம்மாவும் போனா.

வேலைக்கு, படிப்புக்கு எங்க போனாலும் மூலப்பிரதி எங்க எண்டு கேட்டினம். எரிஞ்சிட்டுது எண்டன். எரிஞ்சதுக்கு அத்தாட்சி கேட்டவை ரூபன்! ஒரு கந்தோரில இல்லை, எல்லாத்திலயும். பிரதி எடுத்து முடிய என்ர கம்பஸ் வயசு போச்சு. அதுதான் நான் டைப்பிஸ்ற்.

அண்டையில இருந்து பை இல்லாமல் நான் வாசல் தாண்டினதில்லை. படுக்கேக்கையும் வாரைக் கையில சுத்திக்கொண்டுதான் படுக்கிறனான். போன கிழமை டொக்டர் சொன்னாரெண்டு பையை வீட்டில வைச்சிட்டுச் சந்தி வரைக்கும் போனன். நெஞ்சு அடிச்ச அடியில பஸ்ஸை விட்டிட்டுத் திரும்பி ஓடி வந்தன். ஆக்களைக் கவுனோட கட்டிலில இருத்தி எலும்பை எண்ணுற உனக்கு இது விளங்காது.

யோகாம்பிகை


மெல்போர்ன்
18.7.1997

அக்கா,

பெயர் முழுக்க எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறியள். அவ்வளவு கோவம். சரிதான், நான் அப்பிடி எழுதியிருக்கக்கூடாது.

மௌறீனுக்கும் இதைத்தான் செய்தனான். பையைத் தூக்காதேங்கோ எண்டு பெரிய கண்டுபிடிப்புமாதிரிச் சொன்னன். "அப்ப வேலையை விடட்டோ?" எண்டு மனிசி கேட்டா. பின்னால நிண்ட ஹெலன் நானே முழிக்கட்டும் எண்டு விட்டிட்டா. கடைசியில மௌறீனையே கேட்டன், உங்களால எது ஏலும் எண்டு. பையைத் தோளுக்குத் தோள் மாத்தி மாத்திப் போட ஏலும், ஒவ்வொரு முடிவிடத்திலயும் சில்லறையைக் கொட்ட ஏலும் எண்டா. அந்த ரெண்டும்தான் செய்யிறா. இப்ப கழுத்து நேராகுது.

அதால உங்களைப் பையை வைக்கச் சொல்லேல்லை. நீங்கள் வைச்சிருங்கோ. ஒண்டே ஒண்டு கேக்கிறன். உள்ளுக்க இருக்கிறதில எதை முதல் வெளியில எடுக்க ஏலும்? நீங்களே பாத்துச் சொல்லுங்கோ. ஒண்டும் ஏலாது எண்டா ஒண்டும் எடுக்க வேண்டாம். அப்பவும் நான் உங்களுக்கு எழுதுவன்.

ரூபன்


வெள்ளவத்தை
6.8.1997

ரூபன்,

கோவம் ஆறீட்டுது. உன்ர கடைசி வரிதான் ஆத்தினது.

ஞாயிற்றுக்கிழமை நஸீறாவைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு பையைக் கட்டிலில கொட்டினன். அவ வாயில கை வைச்சா. அம்மாவின்ர பித்தளை விளக்கு. நஸீறா அதைத் தூக்கிக்கொண்டு, "ஓடுற நேரம் விளக்கேத்தப் போறீங்களா?" எண்டு கேட்டா. செக்பொயின்ற்றிலயும் அதைத்தான் ஒவ்வொருக்காலும் தூக்கிப் பிடிச்சு "மே மொனவத?", இது என்ன எண்டு சிங்களத்தில கேப்பாங்கள், நான் "பஹன", விளக்கு எண்டுவன். பற்றறி உருகி ஒட்டின டோர்ச். எரிஞ்ச வீட்டின்ர ஆமைப் பூட்டு, திறப்பு இல்லை. பிஸ்கற் பெட்டி, உடுப்பு, காணி உறுதி, அப்பாவின்ர மரணப் பத்திரம். தோள் நோவுக்குப் பூச எண்டு மூண்டு போத்தல் தைலம். அந்தப் போத்தலைத் தூக்கித்தான் தோள் நொந்திருக்கு எண்டு நஸீறா கட்டிலில விழுந்து சிரிச்சா. நானும் சிரிச்சிட்டன்.

பிறகு மிச்சத்தை அடுக்கேக்கதான் கண்டன். பையில அரைவாசி உன்ர சாமான். உன்ர பிறப்புச் சாட்சிப் பத்திரம், ஓ.எல். பெறுபேறு, றிப்போட் புத்தகம் எல்லாம். ஓட்டப் போட்டியில வெண்ட வெள்ளிக் கப், அது இரும்பு எண்டு தூக்கினாத்தான் தெரியும். அடியில ஒரு சப்பாத்து. மதில் ஏறேக்க உன்ர காலில இருந்தது. மற்றது எங்கட பக்கம் கழண்டு விழுந்திட்டுது. முகாமில நீ ஒத்தைச் சப்பாத்தோட நிண்டாய், மற்றதை எடுத்துத் தருவன் எண்டு உனக்குச் சொன்னனான்.

இதெல்லாத்தையும் நான் ஏன் தூக்கிக்கொண்டு திரியிறன்? உனக்கு இருபத்திநாலு வயசு, எருமைக்கடா மாதிரி இருக்கிறாய். கிளெமென்ற்றின்ர தங்கச்சி இந்த மாதக் கடைசியில மெல்போர்ன் வாறா. அவவிட்டக் கட்டிக் குடுத்து விடுறன். உன்னை இனி நீயே தூக்கு.

விளக்கை நஸீறா வைச்சிருக்கிறா. "எங்கட வூட்டுல ஒருத்தரும் தொடமாட்டாங்க, நீங்க வேணுமெண்டா வந்து கொளுத்துங்க" எண்டு சொன்னா.

அக்கா


மெல்போர்ன்
15.9.1997

அக்கா,

பார்சல் வந்தது. பிரிச்சு நிலத்தில வைச்சுக்கொண்டு அழுதனான். எழுத வெக்கமில்லை.

அடுத்த நாள் அவ்வளவையும் ஒரு பையில போட்டு இடது தோளில கொழுவிக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தன், எப்பிடி இருக்குது எண்டு பாக்க. அரை வழியில தோள் மாத்தினன். நீங்கள் பதினாலு வருசம் மாத்தேல்லை. மதில் ஏறினது எனக்கு ஞாபகம் இருக்கு அக்கா. சப்பாத்துக்காக நான் அழுததும் ஞாபகம். உங்களுக்குச் சேட்டிபிக்கற் போனதை நான் ஒருநாளும் நினைச்சுப் பாக்கேல்லை. பத்து வயசில விளங்கேல்லை, பிறகு கேக்கவும் இல்லை.

சப்பாத்து இப்ப என்ர மேசையில. எல்லாரும் ஆற்ர எண்டு கேக்கினம்.

இப்ப நான் ஒருத்தரையும் அறைக்குள்ள போய்ப் பாக்கிறேல்லை. றோட்டு வாசலில போய் நிண்டு கூட்டிக்கொண்டு வாறன். காரால எப்பிடி இறங்கினம், என்னத்தைக் காவினம், எந்தக் கையால கதவு திறக்கினம், அவ்வளவும் பாக்கிறன். எங்கட பெடியள் என்னை ஹோட்டல் வாசல்காரன் எண்டு நக்கல் அடிக்கிறாங்கள். அடிக்கட்டும். கோயிலில ஓடி ஒளிச்ச அந்த அண்ணையும் போன கிழமை நாரியைப் பிடிச்சுக்கொண்டு தானா வந்திட்டார். ஹெலன் நேற்று, "இப்பதான் நீ கிளினிக்குக்கு வந்திருக்கிறாய்" எண்டா.

கை எப்பிடி?

ரூபன்


வெள்ளவத்தை
21.10.1997

ரூபன்,

பதில் பிந்தினதுக்குக் காரணம் இருக்கு. புதன்கிழமை கோட்டையில குண்டு வெடிச்சது நியூஸில பாத்திருப்பாய். எங்களுக்கு ஒண்டும் இல்லை, பயப்பிடாதை.

ஆனா உண்மையைச் சொல்லுறன். குண்டுக்கு முதல் பையை நல்லாக் குறைச்சுக்கொண்டு வந்திட்டன். உறுதியும் பத்திரங்களும் பிரதி எடுத்து, மூலப்பிரதியை வங்கிப் பெட்டியில வைச்சாச்சு. குண்டுச் சத்தம் கேட்ட அண்டைக்கு வீட்ட வந்து முதல் வேலையா வீட்டில கிடந்த எல்லாத்தையும் திருப்பிப் பைக்குள்ள அடைஞ்சன், நஸீறாவிட்ட விளக்கையும் கேட்டு வாங்கி. வெள்ளி, சனி அதோடதான் போய் வந்தன். கை திருப்பி விறைச்சுது. நீ கோவிச்சாலும் பரவாயில்லை.

நேற்றுத் திங்கட்கிழமை. மட்டக்குளி பஸ்ஸில இருக்க இடம் கிடைச்சுது. கொட்டாஞ்சேனையில இறங்கி, கந்தோருக்குப் போய், மெசினைத் திறந்து அடிக்கத் தொடங்கீட்டன். முதலாளியின்ர கடிதம். தேத்தண்ணி நேரம் கிளெமென்ற் ஒருமாதிரிப் பாத்துக்கொண்டு, "மிஸ் யோகா, உங்கட பை எங்க?" எண்டார்.

தோளைத் தொட்டுப் பாத்தன். இல்லை. மற்றத் தோளைத் தொட்டன். ஐயோ எண்டு எழும்பினன். பஸ்ஸில விட்டிட்டனோ எண்டு போனடிக்கு ஓடினன். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் சின்னப் பேர்ஸில இடுப்பில இருந்தது, அதாலதான் வழியில செக்கிங்கிலயும் நான் பையைத் தேடேல்லை. நஸீறாவுக்குப் போன் அடிச்சன். "கதவுல தொங்குது, நான் காலையிலேயே கண்டேன்" எண்டா. ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டன். "கைய வீசிட்டு எவ்வளவு அழகாப் போனீங்க, எனத்துக்குக் கூப்பிடோணும்?" எண்டு கேக்கிறா.

மறந்து போனன் ரூபன். நான் வைச்சிட்டுப் போகேல்லை, மறந்து போனன். கதிரையில இருந்து சிரிக்கத் தொடங்கினன், நிப்பாட்ட ஏலேல்லை. கிளெமென்ற் தண்ணி கொண்டந்து தந்தார்.

மெசினில கிடந்த கடிதத்தைப் பிறகுதான் பாத்தன். இஸ்ஸதீன் எண்டு முழுசா விழுந்திருக்கு, ஒரு எழுத்தும் குறையாமல்.

விளக்கைத் திருப்பி மேல குடுத்திட்டன். தீபாவளிக்கு அங்க போய் ஏத்திறன். உன்ர படிப்பின்ர பெயரையும் பாடமாக்கி, இப்ப வெள்ளவத்தை முழுக்கச் சரியாச் சொல்லித் திரியிறன். விளங்காத ஆக்களுக்கு நெட்டி முறிக்கிற படிப்பு எண்டு சொல்லுறன். நஸீறாவுக்கு நாரி நோவாம், நீ வாற வரைக்கும் டொக்டரிட்டப் போக மாட்டன் எண்டு நிக்கிறா. கெதியா வா. கட்டுநாயக்காவுக்கு வருவன், ரெண்டு கையும் காட்டிக்கொண்டு நிப்பன்.

யோகக்கா